மரியம் பீவிக்கு வந்த லாபப் பங்கு

நெல்பேட்டையில் மரியம் பீவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் என்று ஒருவர் இருந்தால், அவர் இன்னும் நெல்பேட்டைக்குக் குடிவரவில்லை என்று அர்த்தம். சிலிண்டர் போடுகிறவன் ரசீதில் இல்லாத முப்பது ரூபாயைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். தண்ணீர் லாரிக்காரர் மாதத்துக்கு இரண்டு தடவை தவறாமல் வாங்கிக்கொள்வார். மீன்கடைத் தராசுத் தட்டின் அடியில் ஒட்டியிருந்த புளியைச் சுரண்டி எடுத்து, கடைக்காரர் கையிலேயே கொடுத்து, குழம்புக்குச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தவள் அவள். வயது அறுபத்தைந்து. முழங்கால் இரண்டும் மக்கர் செய்கின்றன. வாய்க்கு மட்டும் இன்னும் எந்த வைத்தியமும் தேவைப்படவில்லை.

ஆனால் கொடுமைக்காரி இல்லை. அடுத்தவர் காசு ஒரு ரூபாய் தன்னிடம் தவறி வந்துவிட்டாலும், அதே கோபத்தோடு தேடிப்போய்க் கொடுப்பாள். கொடுக்கும்போதும் திட்டிவிட்டுத்தான் கொடுப்பாள். எண்ணிக் கொடுக்கத் தெரியாதவன் எதற்குக் கல்லாவில் உட்கார வேண்டும் என்பது அவள் கேள்வி.

இந்தக் கோபங்களுக்கெல்லாம் தாய்க் கோபம் ஒன்று உண்டு. அது வட்டி மேல் உள்ள கோபம்.

அவள் பிறந்தது கொட்டாம்பட்டிப் பக்கம். அத்தா என்று அவள் கூப்பிட்ட தகப்பனாருக்குச் சாலையோரம் ஐந்து ஏக்கர் இருந்தது. கிணற்றை ஆழப்படுத்த நாலாயிரம் ரூபாய் வட்டிக்கு வாங்கினார். கொடுத்தவன் மாதா மாதம் வருவான், சோறு தின்பான், கைகழுவிவிட்டுத்தான் வட்டியைக் கேட்பான். மூன்றாம் வருஷம் வட்டி நின்றது. அவன் இரண்டு ஆட்களோடு வந்து பம்புசெட் மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். கடலை பூப்பிடித்து நின்ற நேரம். பதினொரு வயது மரியம் வரப்பில் நின்று பார்த்தாள். அதற்கப்புறம் ஐந்தில் இரண்டு ஏக்கரும் போயிற்று. அத்தா ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் திட்டாமல் விட்டதையெல்லாம் சேர்த்துத்தான் இவள் இன்றுவரை ஊரைத் திட்டிக்கொண்டிருக்கிறாளோ என்னவோ. மார்க்கம் வட்டியை ஹராம் என்று விலக்கியிருப்பதை அவள் ஓதிப் படித்தது பிற்பாடு. மோட்டார் போனதுதான் முதலில் தெரியும்.

கட்டிக்கொண்ட முஜிபுர் ரஹ்மானும் அதே மாதிரி ஆள்தான். கப்பலூரில் ரப்பர் வாஷர் செய்யும் சின்னக் கம்பெனி வைத்திருந்தார். புது மிஷினுக்கு லோன் தருகிறோம் என்று பேங்க்காரர்கள் வீட்டுக்கே வந்தார்கள். டீ கொடுத்து அனுப்பிவிட்டு, மூன்று வருஷம் பொறுத்து, கைக்காசு சேர்த்துத்தான் மிஷின் வாங்கினார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் மௌத்தானார். மிஷினை விற்று, பாக்கியைத் தீர்த்து, பாகம் பிரித்தபோது மரியம் பீவிக்கு வீடு மிஞ்சியது. மாடியை வாடகைக்கு விட்டாள். திவ்யா என்று பேங்கில் வேலை பார்க்கும் பெண், புருஷனோடு குடிவந்தாள். ஒன்பதாயிரம் வாடகை. ஒரே மகள் சமீனா திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மகளிடம் கை நீட்டாமல் ஒன்பதாயிரத்தில் வாழலாம் என்று கணக்குப் போட்டாள், வாழவும் செய்தாள்.

பிறகு நாலுவழிச்சாலை ஓரத்து நிலத்துக்கு விலை வந்தது. அத்தா விட்டுப்போன மூன்று ஏக்கரில் தம்பி அப்துல் ரசாக்குக்கு இரண்டு பங்கு, அவளுக்கு ஒரு பங்கு. அவள் பங்குக்குப் பதினெட்டு லட்சம் வந்தது. அவ்வளவு பணத்தை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. பார்த்ததும் வந்தது சந்தோஷம் இல்லை, எரிச்சல்தான். இதை எங்கே வைப்பது?

பேங்க் மேனேஜர் டெபாசிட் போடச் சொன்னார். மூத்த குடிமக்களுக்கு ஏழரை சதவீதம், வருஷத்துக்கு ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் என்று கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார். அவரும் வாங்கிக் கட்டிக்கொண்டார். சேமிப்புக் கணக்கில் வேண்டாமென்றாலும் விழுகிற முந்நூற்றுச் சொச்சம் வட்டியையே, வருஷக் கடைசியில் திவ்யாவிடம் பார்க்கச் சொல்லி எடுத்து, பள்ளிவாசல் கழிப்பறைக்குப் பினாயில் வாங்கிக் கொடுத்துவிடுகிறவள் அவள். அந்தக் காசு வீட்டுக்குள் ஒரு ராத்திரி தங்கக்கூடாது. அவளிடம் போய் ஏழரை வட்டி என்றால்?

அப்போதுதான் ரசாக் வந்தான். விளக்குத்தூண் பக்கம் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறவன். ஊரில் அக்காவுக்குப் பயப்படாதவன் அவன் ஒருவன்தான், ஏனென்றால் அவளுக்கு அவன் மேல் உயிர். வட்டியே வேண்டாமக்கா, பங்கு வாங்கிப் போடலாம் என்றான். கம்பெனியில் நாமும் ஒரு பங்காளி. லாபம் வந்தால் நமக்கும் ஒரு பங்கு தருவான், அதற்கு டிவிடெண்ட் என்று பேர். நட்டம் வந்தால் தரமாட்டான். வட்டி என்றால் வானம் பொய்த்தாலும் வசூல் நிற்காது. இது அப்படி இல்லை, வெள்ளாமை மாதிரி, விளைந்தால்தான் பங்கு.

அவளுக்கு அது பிடித்திருந்தது. என்ன கம்பெனி என்று கேட்டாள். வண்டி, தீ, பயிர் இதற்கெல்லாம் காப்பீடு தரும் வடக்கத்திக் கம்பெனி என்றான். இன்சூரன்ஸும் கூடாது என்பார்களே என்று இழுத்தாள். அதற்கும் பதில் வைத்திருந்தான். நம் ஜமாஅத்தில் பைத்துல்மால் இல்லையா, எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு வைத்து, கஷ்டப்பட்டவனுக்கு எடுத்துக் கொடுப்பதில்லையா, அதேதான் இது, கொஞ்சம் பெரிய பைத்துல்மால். பைக்குக்கு மச்சான் இன்சூரன்ஸ் கட்டவில்லையா, போலீஸ்காரன் விடுவானா என்று சட்டத்தையும் துணைக்கு இழுத்தான்.

கே.கே. நகரில் ஒரு பல் ஆஸ்பத்திரி மாடியில் இருந்த பங்குத் தரகர் அழகுராஜாவின் ஆபீசுக்குக் கூட்டிப்போனான். அழகுராஜா அமரிக்கையான ஆள். இன்சூரன்ஸ் பங்குகளில் டிவிடெண்ட் பெரும்பாலும் சொற்பம்தான், நூறு ரூபாய் போட்டால் வருஷத்துக்கு ஒரு ரூபாய் வருவதே அபூர்வம், இந்தக் கம்பெனி பரவாயில்லை, இன்றைய விலைக்கு இரண்டரை ரூபாய் வரும் என்றார். வருமானத்தை நம்பி வாழ்கிறவர்கள் பொதுவாக இதை வாங்குவதில்லை என்றும் சொன்னார். மரியம் பீவி ஆட்டோவில் விட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்கக் கீழே இறங்கிப்போய், மூச்சு வாங்க ஏறி வந்து, கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். ஒரு பங்கு நானூற்றைம்பது ரூபாய், நாலாயிரம் பங்கு. போன் நம்பர் கேட்டபோது ரசாக் தன் நம்பரைக் கொடுத்தான். அக்காவுக்குத் தொந்தரவு வேண்டாமாம்.

ஏழரையை விட்டு இரண்டரைக்கு இறங்கினாள். தெரிந்தேதான் இறங்கினாள். சுத்தமான காசு என்றால் கொஞ்சம் மட்டாகத்தான் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முதல் வருஷம் பங்குக்குப் பதினோரு ரூபாய் வந்தது. நாற்பத்து நாலாயிரம். அதில் பன்னிரண்டாயிரத்தை நோன்பு மாதத்துக்கு ஒதுக்கினாள். பேரீச்சம்பழம், கஞ்சிக்கு அரிசி, கறி, தெருவில் நாலு வீட்டுக்கு மளிகை எல்லாம் அதிலிருந்து. தன் நோன்பையும் அந்தக் காசில் வாங்கிய பழத்தால்தான் திறந்தாள். மிச்சத்தை உம்ராவுக்கு என்று தனியாக வைத்தாள். மக்காவுக்கு ஒரு தடவை போய் நிற்க வேண்டும், அது தன் காசாக இருக்க வேண்டும், அந்தக் காசில் ஒரு தூசி இருக்கக்கூடாது. அவள் வாழ்க்கையில் கேட்ட பெரிய ஆசை அது ஒன்றுதான். பதினெட்டு லட்சம் முதலில் கை வைக்கமாட்டாள். அது படுக்கையில் விழுந்தால் மகளிடம் கை நீட்டாமலிருக்க. போவதென்றால் விளைச்சலில்தான் போவாள்.

இரண்டாம் வருஷம் பன்னிரண்டு ரூபாய் தந்தார்கள். மூன்றாம் வருஷம் ஒன்பதாக இறக்கிவிட்டார்கள். நாலாம் வருஷம் மறுபடி பன்னிரண்டு. அதற்குள் முழங்கால் தேய்ந்துவிட்டது. எலும்பு டாக்டர் இன்னும் ஒரு வருஷத்தில் ஆபரேஷன் செய்யாவிட்டால் நடப்பதே பாடு என்றார். அந்த வருஷம் ஒரு வழியாக ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் சேர்ந்தது. டிராவல்ஸில் ஐம்பதாயிரம் முன்பணம் கட்டினாள். ஜனவரியில் பயணம். வெள்ளை உடுப்பு எடுத்தாயிற்று. பேங்கில் போட்டிருந்தால் ஒரே வருஷத்தில், முழங்கால் நன்றாக இருந்தபோதே போய் வந்திருக்கலாம். அவள் அதை நினைக்காமலில்லை. நினைத்து, பெருமைப்பட்டுக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியின் ஆண்டுக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. கூட்டம் போனிலேயே நடக்குமாம். பங்குதாரர் யாரும் பார்க்கலாமாம். மூன்றாம் வருஷம் ஒன்பது ரூபாயாக இறக்கினார்களே, அந்த வருஷம் கம்பெனித் தலைவர் தன் சம்பளத்தையும் இறக்கினாரா என்று கேட்க அவளுக்கு நெடுநாளாக வாய் துறுதுறுத்துக்கொண்டிருந்தது. நானும் பங்காளிதானே என்றாள். இரண்டாம் சனிக்கிழமை, திவ்யாவுக்கு லீவு. கீழே வந்து போனில் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பக்கம் யாருக்கும் இவள் முகம் தெரியாது என்று திவ்யா சொல்லியும் கேட்காமல், முக்காட்டைச் சரிசெய்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தலைவர் இங்கிலீஷில் பேசினார். மரியம் பீவி படித்தது ஒன்பதாம் வகுப்பு. பாதி புரியவில்லை. ஆனால் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்து விழுந்தது. இன்ட்ரஸ்ட். இன்ட்ரஸ்ட் இன்கம். அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். பேங்க் பலகையில், நகைக்கடன் கடைப் பலகையில், பாஸ்புக்கில் பினாயில் வாங்குகிற வரியில், அவள் வாழ்நாள் முழுக்கப் பார்த்து ஒதுங்கிப்போன சொல் அது. அவர் என்னம்மா சொல்கிறார் என்று திவ்யாவைக் கேட்டாள். திவ்யா காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, காப்பீட்டில் இந்த வருஷமும் நட்டம்தானாம், பாண்டு என்கிற கடன் பத்திரத்திலும் டெபாசிட்டிலும் வந்த வட்டியால்தான் லாபம் காட்டினார்களாம், அதிலிருந்துதான் டிவிடெண்டாம் என்றாள். எல்லா வருஷமும் இப்படித்தானாம் என்று பெருமையாகச் சொல்கிறார் என்று வேறு சேர்த்துச் சொன்னாள். அவளுக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. பேங்கில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

மரியம் பீவி போனை அணைக்கச் சொன்னாள். சம்பளக் கேள்வியைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஆட்டோ பிடித்துத் தனியாக அழகுராஜா ஆபீசுக்குப் போனாள். அவர் மறைக்கவில்லை. மக்கள் கட்டுகிற பிரீமியம் நூறு ரூபாய் என்றால், இழப்பீடும் செலவுமாக நூற்று ஆறு ரூபாய் போய்விடுகிறது. ஆனால் இழப்பீடு கொடுக்கும்வரை அந்தப் பணம் கம்பெனி கையில் இருக்கும். அதைக் கடன் பத்திரத்திலும் டெபாசிட்டிலும் போட்டு வட்டி வாங்குவார்கள். நட்டம் போக மிஞ்சுகிற வட்டிதான் லாபம். உங்களுக்கு வந்தது பெரும்பாலும் அதுதான் என்றார்.

அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?

அழகுராஜா சொன்னார்: "சொன்னேம்மா. நீங்க கண்ணாடி எடுக்கக் கீழ போனப்ப ஒங்க தம்பிகிட்டச் சொன்னேன். வட்டிதான் பிரச்சனைன்னா இது வேணாம் பாய், வேற பாப்பம்னு. அக்காகிட்ட அதெல்லாம் வெவரமாச் சொல்ல வேண்டியதில்ல, நான் பாத்துக்கிறேன்னு சொன்னாரு."

கோபம் என்றால் மரியம் பீவிக்குப் பழகின சாமான். உடனே வரும், வாய் வழியாகப் போகும், அடுத்த நிமிஷம் டீ போட்டுக் கொடுப்பாள். இது அப்படி வரவில்லை. ஆட்டோவில் உட்கார்ந்து தெப்பக்குளம் தாண்டும்போது நாலு வருஷ நோன்புச் செலவையும் கூட்டிப் பார்த்தாள். முந்நூறு ரூபாய் வட்டிக்குப் பினாயில் வாங்கிக் கொடுத்துவிட்டு, நாற்பத்தெட்டாயிரம் வட்டியில் பேரீச்சம்பழம் வாங்கி நோன்பு திறந்திருக்கிறாள். ஊசி போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு உலக்கை போனது தெரியவில்லை. தெருவில் நாலு வீட்டுக்கும் அதைத்தான் கொடுத்திருக்கிறாள். அவர்கள் அவளுக்கு நல்லது வேண்டி துஆ செய்து வாங்கிக்கொண்டார்கள். யாருக்குத்தான் கோபம் வராது?

ரசாக் கடையில் இருந்தான். பக்கெட்டுகளையும் குடங்களையும் ஆள் உயரத்துக்கு அடுக்கிய இடைவெளியில் அவள் நின்றாள். வேலையாட்களை வெளியே போகச் சொன்னாள். போனார்கள். அவள் குரலை உயர்த்தாமல் பேசுவதை ரசாக் முதல் தடவையாகக் கேட்டான், அதிலேயே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

முதலில் மழுப்பினான். அப்புறம் நியாயம் பேசினான். மச்சான் போன பிறகு அவள் ஒன்பதாயிரத்தில் இழுத்துக்கோ பறித்துக்கோ என்று கிடந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லையாம். பேங்கில் போடமாட்டாள். பீரோவில் வைத்துத் தின்றால் எத்தனை வருஷத்துக்கு? ஏதாவது ஒரு வழியில் அவள் கையில் காசு போக வேண்டும், அவள் மனசும் கெடக்கூடாது. அதற்காகத்தான் செய்தேன் என்றான். எனக்கு இதில் ஒரு பைசா லாபம் உண்டா, அழகுராஜாவிடம் கேள் என்றான். அதுவும் உண்மைதான். கடைசியில் இப்படிச் சொன்னான்:

"ஒனக்குத் தெரியாத வரைக்கும் ஒம்மேல பாவம் இல்லக்கா. அத நான் செமந்துக்கிறேன்னுதான் சொல்லாம இருந்தேன்."

"எம்பாவத்தச் செமக்க ஒன்ன யாருடா கூப்பிட்டா?"

அவனுக்கும் சூடு ஏறியது. எல்லாம் சுத்தமாக வேண்டும் என்றால் மாடியில் இருக்கிறவள் எங்கே வேலை பார்க்கிறாள், பேங்கில்தானே, அவள் கொடுக்கிற வாடகை மட்டும் எங்கிருந்து வருகிறதாம் என்று கேட்டான்.

மரியம் பீவி அதற்கும் அசரவில்லை. "அவ பேங்க்ல வேலை பாக்குறான்னு தெரிஞ்சுதான் வீடு குடுத்தேன். நல்லதோ கெட்டதோ, நானா முடிவு பண்ணுனது. நீ எனக்குத் தெரியாம ஊட்டிவிட்டிருக்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஒங்காசு எங்கடா இருக்கு? நெலம் வித்த காசு."

ரசாக் ஒரு குடத்தை எடுத்து வேறு அடுக்கில் வைத்தான். அவள் மறுபடி கேட்டாள். பேங்கில் இருக்கிறது என்றான். எம்புட்டுத் தருகிறான் என்று கேட்டாள். மாமியார் பேரில் போட்டிருப்பதால் ஏழரை என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

"அத்தா சொத்துல ஒனக்கு ரெண்டு பங்கு, எனக்கு ஒண்ணு. அது அல்லாஹ் வச்ச கணக்கு, வாயத் தொறக்காம வாங்கிக்கிட்டேன். ஹராம்லயும் ஒனக்கு ஏழரை, எனக்கு ரெண்டரையா? இது யாரு வச்ச கணக்குடா?"

வெளியே நின்ற வேலையாட்களுக்கு அது கேட்டிருக்கும். ரசாக் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் அங்கே டீ குடிக்கவில்லை. நாற்பது வருஷத்தில் தம்பி கடைக்கு வந்து டீ குடிக்காமல் போனது அதுதான் முதல் தடவை.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் விட்டுக் கேட்டாள். அவர் இதமாகத்தான் சொல்லி அனுப்பினார். தெரியாமல் வந்ததற்குக் குற்றமில்லை. தெரிந்த பின் விலகிக்கொள்ள வேண்டும். கையில் மிச்சமிருப்பதை நன்மையை எதிர்பாராமல் யாருக்காவது கொடுத்துவிடலாம். குற்றமில்லை என்ற சொல் அவளை ஆற்றவில்லை. குற்றமில்லை என்பதற்காகவா நாலு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்? ஏழரை வேண்டாம் என்று தள்ளியது, ஆட்டோவுக்குப் பதில் பஸ்ஸில் நின்று போனது, முழங்கால் வலியோடு இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரு வருஷம் என்று பொறுத்தது எல்லாம் எதற்கு? கடைசியில் அவள் காத்திருந்து சேர்த்ததும் அதே சரக்கு, அளவுதான் குறைச்சல். அந்த நாலு வருஷத்தை எந்த ஹஜ்ரத் திருப்பித் தருவார்?

டிராவல்ஸில் பயணத்தை ரத்து செய்யச் சொன்னாள். முன்பணத்தில் பத்தாயிரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வழக்கமாக அந்தப் பத்தாயிரத்துக்கு அவள் கடையையே இரண்டாக்கியிருப்பாள். பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். பிடித்த பத்தாயிரத்தை வாடகைக் காசிலிருந்து ஈடுகட்டி, ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரத்தையும் கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டக் கொடுத்தாள். பெயர் போட வேண்டுமா என்று தலைமையாசிரியர் கேட்டார். கக்கூசில் போடுவதற்கு எங்கள் வீட்டில் யாருக்கும் பேர் மிச்சமில்லை என்று சொல்லிவிட்டாள். அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

சமீனா போனில் அழுதாள். முதல் பணத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டு வாம்மா, பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்ற சொல்லைக் கேட்டதும் மரியம் பீவி போனை வைத்துவிட்டாள். ஒருவன் பார்த்துக்கொண்டதே போதும்.

இனி பங்கை விற்க வேண்டும். அங்கேதான் அடுத்த கோபம் காத்திருந்தது. விற்பதற்குப் போனில் ஒரு எண் வருமாம், அதைச் சொன்னால்தான் விற்க முடியுமாம். அது ரசாக்கின் போனுக்குத்தான் வரும். அவள் நிலம், அவள் பங்கு, திறவுகோல் மட்டும் தம்பி சட்டைப்பையில். நம்பரை மாற்றலாம், அதற்குப் பத்து நாள் ஆகும் என்றார் அழகுராஜா. பத்து நாள் முடியாது என்றாள். சொல்லி அனுப்பினாள். ரசாக் இரண்டு நாள் சாக்குச் சொல்லிவிட்டு, மூன்றாம் நாள் வந்தான்.

மூன்று பேரும் அழகுராஜாவின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். அக்கா தம்பியைப் பார்க்கவில்லை, தம்பியும் அக்காவைப் பார்க்கவில்லை. விலை முந்நூற்றுத் தொண்ணூறு என்று காட்டியது. பதினெட்டு லட்சம் போட்ட இடத்தில் பதினைந்து லட்சத்து அறுபதாயிரம்தான் இருக்கிறது. அழகுராஜா அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். நட்டம் வந்தால் அது பங்காளிக்கு வருவதுதான் என்றாள் மரியம் பீவி. அதில் அவளுக்கு வருத்தமில்லை. அந்த ஒன்றாவது நியாயமாக வந்தது.

அழகுராஜா விற்பதற்கான பக்கத்தைத் திறந்தார். திறந்தவர் நிறுத்திவிட்டார். முந்தின நாள் சாயங்காலம் கம்பெனி இடைக்கால டிவிடெண்ட் அறிவித்திருக்கிறது, பங்குக்குப் பத்து ரூபாய் என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை யார் பேரில் பங்கு இருக்கிறதோ அவர்களுக்கு வரும். இன்னும் ஆறு நாள். அதற்குப் பிறகு விலை அந்த அளவுக்கு இறங்கலாம், இறங்காமலும் போகலாம், நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டார்.

நாற்பதாயிரம். மரியம் பீவி கணக்குப் போட்டிருப்பாள். கணக்கில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. முழங்கால் ஆபரேஷனுக்குத் தோராயமாக எவ்வளவு ஆகும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு அவள் கைப்பையிலேயே இருந்தது.

ரசாக்கின் போன் டிங் என்றது. பக்கத்தைத் திறந்ததற்கான எண் வந்துவிட்டது. அவன் போனை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினான். கெஞ்சித்தான் கேட்டான். நட்டத்தில் கொஞ்சமாவது குறையும், வேண்டாமென்றால் அதையும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துக்கொள், யார் தடுத்தார்கள்?

"ஆறே ஆறு நாளுக்கா. பொறுத்துக்க. சும்மா விட்டுட்டுப் போறதுக்கு அது நாப்பதாயிரம்."

மரியம் பீவி அவனைத் திட்டவில்லை. பதினொரு வயதில் வரப்பில் நின்றவள், அறுபத்தைந்து வயதுவரை யார் யாரையோ திட்டியவள், அந்த இடத்தில் திட்டுவதற்கு ஒரு சொல்கூடத் தேடவில்லை.

"நாலு வருசம் தெரியாமத் தின்னேன்," என்றாள். "ஆறு நாளு தெரிஞ்சு திங்கச் சொல்றியா?"

ரசாக் கையைத் திறந்தான். தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனில் இருந்த எண்களை அழகுராஜாவுக்கு ஒவ்வொன்றாக வாசித்தான்.